தையல் கடை வெட்டுத்துணி, தறி நூல் கழிவை மறுபடி நூலாக்க திருநெல்வேலியில் சின்னதாக ஒரு மெஷின் போடலாமா?

நூலாக்கலாம், ஆனால் மெஷின் வேண்டாம் அண்ணாச்சி. துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும் மெஷினுக்கு ஒரே ரகச் சரக்கு டன் கணக்கில், விடாமல் வர வேண்டும். நம் பக்கம் கிடைப்பது நாலு சாக்கு இங்கே, ரெண்டு சாக்கு அங்கே. இங்கே காசு இருப்பது தரம் பிரிப்பதில்தான். பிரித்து, பேல் (அழுத்திக் கட்டிய பொதி) போட்டு, கோவை, திருப்பூர் பக்கத்து ஓ.இ. மில்களுக்கோ (ஓப்பன் எண்ட், குட்டை இழையிலும் நூல் எடுக்கும் முறை) அவற்றுக்குப் பஞ்சு கொடுப்பவர்களுக்கோ விற்பதுதான் முதல் படி.

சங்கரன்கோவில், புளியங்குடி விசைத்தறிகளில் விழும் பாவு (நீளவாட்டு நூல்) முனை நூல் நல்ல சரக்கு. காட்டன் சேலைத் தறி என்றால் கிட்டத்தட்ட முழுப் பருத்தி. அதைக் கெடுப்பது ஜரிகை. இன்றைய ஜரிகை பெரும்பாலும் பாலியஸ்டர் படலம். பஞ்சில் கலந்தால் நூலில் மினுமினுப்பாக நிற்கும், பிரிக்கவே முடியாது. அதனால் தறிக்கூடத்திலேயே ரெண்டு சாக்கு வைக்கச் சொல்லுங்கள்: வெறும் பருத்தி ஒன்றில், ஜரிகை பட்டது இன்னொன்றில். தரையைப் பெருக்கி அள்ளியதையும், எண்ணெய் பட்டதையும் இரண்டிலும் சேர்க்கக் கூடாது.

தையல் கடைச் சரக்கு தலைவலி. மே, ஜூனில் மலையாகக் குவியும் பள்ளிச் சீருடைத் துண்டுகளில் பெரும்பகுதி பாலியஸ்டர் கலப்பு. ஓவர்லாக் மெஷின் அடியில் விழும் சீவலில் பாலியஸ்டர் தையல் நூல்தான் அதிகம், எடுக்காதீர்கள். நைட்டி, லைனிங், பனியன் துணி எடுக்கலாம். பனியன் துணி பின்னல் என்பதால் லேசாகப் பிரியும்; நெருக்கமாக நெய்த துணியைக் கிழிக்கும்போது இழை அதிகம் அறுபடும்.

சந்தேகமான துணிக்குக் கொளுத்திப் பார்ப்பதுதான் சோதனை. பாவிலிருந்து ஒரு நூல், ஊடையிலிருந்து (குறுக்கு நூல்) ஒரு நூல் தனித்தனியாக உருவ வேண்டும். பாவு பருத்தியாகவும் ஊடை பாலியஸ்டராகவும் இருக்கும் துணி நிறைய உண்டு. பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருங்கி, ஆறியதும் கறுத்த கெட்டி மணியாகும். நூலின் நுனி சாம்பலாகி நடுவில் கெட்டியாக ஏதாவது நெருடினால் கலப்பு. விஸ்கோஸும் (ரேயான்) பருத்தி மாதிரியே எரியும், நெருப்பில் வித்தியாசம் தெரியாது. நூலின் நடுவை எச்சிலால் நனைத்து இழுங்கள்: விஸ்கோஸ் நனைந்த இடத்திலேயே சட்டென்று அறும், பருத்தி அந்த இடத்தில் அறாது. விகிதம் எழுத்தில் வேண்டும் என்று மில் கேட்டால் கோவை சிட்ரா (ஜவுளி ஆராய்ச்சி நிலையம்) ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.

லைக்ரா கலந்ததைக் கண்டிப்பாக ஒதுக்குங்கள். அது கிழியாமல் நீண்டுகொண்டே போய், கிழிக்கும் மெஷினின் முள் உருளையில் சுற்றிக்கொள்ளும், சூட்டில் ஒட்டும். பட்டன், ஜிப், கொக்கியில் ஒன்று தப்பினாலும் முள்ளில் பட்டுப் பொறி பறக்கும். பஞ்சுத்தூசி நிறைந்த இடத்தில் அது தீ விபத்து.

அடுத்தது நிறம். ஓ.இ. மில் இதை வாங்க ஒரு பெரிய காரணம், சாயம் போடாமல் வண்ண நூல் எடுக்கலாம் என்பது. வெள்ளை பேலில் ஒரு சிவப்புத் துண்டு போனால் நூல் முழுக்கப் புள்ளி. பிளாஸ்டிக் மாதிரி தடித்த பிரிண்ட் உள்ள பனியனில் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள்.

மில்லில் நடப்பது இது. துணியை 5 முதல் 10 செ.மீ. துண்டுகளாக வெட்டி, எண்ணெய் கலந்த தண்ணீரை லேசாகத் தெளித்து ஊற விடுவார்கள். காய்ந்த துணியைக் கிழித்தால் இழை நொறுங்கித் தூசியாகப் போகும். பிறகு வரிசையாக நிற்கும் முள் உருளைகள், போகப் போக முள் நெருக்கமாக. புதுப் பஞ்சு 28 மி.மீ. என்றால் இப்படிக் கிடைப்பது பெரும்பாலும் 10 முதல் 18 மி.மீ. தான். வழக்கமான நூற்பு முறையான ரிங் ஸ்பின்னிங்கில் இந்தக் குட்டை இழைகள் உருளைகளின் பிடிக்குச் சிக்காமல் மிதக்கும், நூல் மேடும் பள்ளமுமாக வரும். அதனால்தான் ஓ.இ. அதிலும் புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ சேர்த்து, பெரும்பாலும் 20 கவுண்ட்டுக்குக் கீழே (கவுண்ட் குறைந்தால் நூல் தடிமன்) ஓட்டுவார்கள். மெல்லிய சட்டைத் துணி இதில் எதிர்பார்க்க வேண்டாம். ஜமுக்காளம், போர்வை, துண்டு, ஜீன்ஸ் ரகத்துக்குப் போகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பேலைத் தரையில் போடாதீர்கள், அடியில் பலகை வேண்டும். பூஞ்சை வாடை வந்தால் மில் திருப்பி அனுப்பும், வண்டி வாடகை உங்கள் தலையில். ஈரத்தோடு எடை போட்டு லாபம் பார்க்கவும் முடியாது. பருத்தியில் 8.5 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம் என்பது வியாபாரக் கணக்கு; மீட்டர் வைத்துப் பார்க்கும் மில், கூடுதலைக் கழித்துக்கொள்ளும்.

ஒதுக்கிய சரக்கில் பருத்தி மிகுந்த பெரிய துண்டுகள் ஒர்க்‌ஷாப்புகளுக்குத் துடைக்கும் துணியாகப் போகும். கலப்பையும் லைக்ராவையும் பொடியாக வெட்டித் தலையணை, மெத்தை நிரப்புபவர்களுக்குக் கொடுக்கலாம். விலை சொற்பம், ஆனால் இடம் காலியாகும்.