ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டு ஹோம்ஸ்கூல் பண்ண முடியுமா? டெக்சாஸ்ல எங்க அனுபவம்

தம்பி, டல்லாஸ் வந்து மூணு மாசம் ஆச்சு, ரெண்டு பேருக்கும் வேலை, 7 வயசுப் பொண்ண வீட்லயே படிக்க வைக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. பண்ணலாம். டல்லாஸ் பக்கத்துல பிளேனோல நாங்க 6 வருஷமா பண்றோம், எனக்கு வீட்லருந்து ஐடி வேலை, என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில நர்ஸ்.

சட்டத்த நெனச்சு பயப்படாதீங்க. இங்க ஹோம்ஸ்கூலும் பிரைவேட் ஸ்கூல் மாதிரிதான், 1994லயே லீப்பர் கேஸ்ல மாநில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. வாசிப்பு, ஸ்பெல்லிங், கிராமர், கணக்கு, நல்ல குடிமகனா இருக்கறதுக்கான பாடம், இந்த அஞ்சையும் புத்தகம் வச்சு உண்மையா நடத்தணும். இத்தன மணி நேரம்னு கிடையாது, ஸ்டேட் டெஸ்ட்டும் கிடையாது. ஆனா இப்ப ஸ்கூல்ல சேர்த்திருந்தீங்கன்னா இன்ன தேதிலருந்து வீட்ல படிக்கிறான்னு லெட்டர் குடுத்துட்டு நிறுத்துங்க, சும்மா நிறுத்தினா ஆப்சென்ட்னு பிரச்சனையாகும்.

நான் மொத மாசம் 9லருந்து 3 வரைக்கும் டைம்டேபிள் போட்டு எங்க பொண்ண ஹால்ல உக்கார வச்சுட்டு ரூம்ல மீட்டிங்ல இருப்பேன். ஒருநாள் கதவுக்கு அடில ஒரு பேப்பர் வருது, "அம்மா 4வது கணக்கு வரல, எப்ப வருவ"ன்னு பென்சில்ல எழுதியிருக்கா. நான் வெளிய வர முக்கா மணி நேரம் ஆயிடுச்சு, கதவோரமே தூங்கிட்டிருந்தா. அன்னிக்கே டைம்டேபிள கிழிச்சுட்டேன்.

அவருக்கு வாரம் 3 நாள்தான், 12 மணி நேர ஷிப்ட், மிச்ச 4 நாளும் காலைல ஒன்றரை மணி நேரம் அவர் பக்கத்துல உக்காந்து கணக்கும் வாசிப்பும் சொல்லிக் குடுத்தார், ஒரு பிள்ளைக்கு அந்த வயசுல அது தாராளம். ஷிப்ட் நாள்ல கோ-ஆப், அதாவது ஹோம்ஸ்கூல் பண்ற குடும்பங்க சேந்து நடத்துற வகுப்பு, அதுல பிள்ளைய விட்டுட்டு வர்ற மாதிரி இருக்கான்னு கேட்டுக்கோங்க, நெறய எடத்துல பெத்தவங்களும் கூட இருக்கணும்பாங்க. பின்னம் எல்லாம் ராத்திரி கிச்சன்லதான், 3 கப் அரிசிக்கு முக்கா கப் உளுந்துன்னா 6 கப்புக்கு எவ்ளோன்னு அவளே கணக்குப் போட்டு ஊற வைப்பா. எழுதின நோட்டெல்லாம் பத்திரமா வைங்க, திரும்ப ஸ்கூல்ல சேர்த்தா எந்த கிளாஸ்னு பாக்க டெஸ்ட் வைக்கலாம், அப்ப காட்ட உதவும்.

ஆனா ரெண்டு பேருமே தெனமும் ஆபீஸ் போய்த்தான் ஆகணும்னா இப்போதைக்கு வேணாம் தம்பி. பாடத்த சாயந்தரம் சொல்லிக்கலாம், பகல்ல அவ கூட யாரு இருப்பா? பாட்டியும் இல்ல, அக்கம்பக்கமும் இன்னும் பழகல. ஒருத்தர் காலைல 6 மணிக்கே ஆரம்பிச்சு சீக்கிரம் வர முடியுமான்னு மேனேஜர்கிட்ட கேட்டுப் பாருங்க, அது அமையுற வரைக்கும் ஸ்கூலுக்கே போகட்டும். உங்க ரெண்டு பேர் வேலை நேரத்தையும் எழுதுங்க, எந்த நாள் யாருக்கு வரும்னு சேந்தே பாப்போம்.