பழைய திருமண டிவிடியை ஐபாடில் பார்ப்பது எப்படி?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2008-இல் நடந்த அவருடைய திருமண வீடியோ மூன்று டிவிடிகளில் இருக்கிறது. வீட்டு டிவிடி பிளேயர் பழுதாகிவிட்டதால், தம்பி கொடுத்த ஐபாட் கிளாசிக் என்ற ஆப்பிளின் பழைய இசைக்கருவியில் அவற்றை ஏற்றிக்கொண்டு போய், ஊரில் இருக்கும் மாமியாருக்குக் காட்ட நினைக்கிறார். வட்டில் இருந்த கோப்புகளை, ஐபாடில் படம் ஏற்ற உதவும் ஐடியூன்ஸ் என்ற மென்பொருள் ஏற்கவில்லை. ஒரு மென்பொருளைக் கொண்டு எம்பி4 ஆக மாற்றிய பிறகும், கணினியில் ஓடிய கோப்பு ஐபாடுக்குள் போக மறுத்தது. கணினியில் ஓடிய அந்தப் படத்திலும் முகங்கள் எல்லாம் ஒடுங்கி நீண்டிருக்கின்றன. கை அசையும் இடங்களில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிகின்றன. எந்த அமைப்பில் மாற்றினால் இவை சரியாகும் என்று கேட்கிறார்.

அவர் சொல்லும் மூன்று குறைகளுக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. மூன்றையும் ஒரே முறை மாற்றும்போதே நீக்கிவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். மூன்று வட்டுகளையும் முதலில் அப்படியே கணினியின் ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்துவிடுங்கள். ஸ்டுடியோக்கள் எழுதிக் கொடுக்கும் டிவிடிகளில் தகவல் ஒருவகைச் சாயப் படலத்தில் பதிவாகிறது; வெப்பமும் வெளிச்சமும் ஈரமும் அந்தச் சாயத்தைக் காலப்போக்கில் சிதைக்கும். இன்று படிக்க முடிகிற வட்டு அடுத்த ஆண்டும் படிக்க முடியும் என்று நம்பியிருக்கக் கூடாது.

வட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். விரல் ரேகையோ பூஞ்சையோ இருந்தால், மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகச் சுற்றித் துடைத்தால், அதில் விழும் கீறல் தகவல் தடத்தின் வழியே நீளமாக ஓடி, படிக்க முடியாமல் செய்துவிடும். மேற்பக்கத்தில் மணமக்கள் படம் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஸ்டிக்கர் ஓரங்களில் எழும்பியிருந்தால் வட்டு வேகமாகச் சுழலும்போது சமநிலை தவறும், டிரைவ் தடுமாறும். அதற்காக அதை உரித்தெடுக்க முயல வேண்டாம். டிவிடி என்பது ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்தது. உரிக்கும்போது வளைந்தால் அந்த ஒட்டு விட்டுப்போகக்கூடும்.

வட்டைக் கணினியில் திறந்தால் வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறை தெரியும். அதை முழுமையாக நகலெடுங்கள். ஓர் அடுக்கு வட்டாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 4.7 ஜிபி இடம் தேவைப்படும். நகல் பாதியில் நின்றால் உடனே மனம் தளர வேண்டாம். ஒரு டிரைவ் படிக்காத வட்டை இன்னொரு டிரைவ் படித்துவிடுவது உண்டு, ஆகவே வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள். அதிலும் நின்றால், லினக்ஸில் இயங்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் உதவும்; படிக்க முடியாத பகுதிகளைத் தாண்டிச் சென்று மற்றதையெல்லாம் முதலில் மீட்டுவிட்டு, விடுபட்டவற்றுக்குத் திரும்ப வந்து மறுபடி முயலும் வகையில் அது எழுதப்பட்டிருக்கிறது.

இனி, ஐடியூன்ஸ் ஏன் ஏற்கவில்லை என்பதைப் பார்ப்போம். டிவிடியில் படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டு, விஓபி என்னும் கோப்புகளில், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாதபடி துண்டு துண்டாக வைக்கப்பட்டிருக்கிறது. தாலி கட்டும் காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கோப்பு முடிந்து அடுத்த கோப்பு தொடங்கலாம். எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு, படத்தின் அகல உயர விகிதம் என்ன, அத்தியாயங்கள் எங்கெங்கே தொடங்குகின்றன என்ற விவரங்கள் எல்லாம் ஐஎஃப்ஓ என்ற சிறு கோப்புகளில் இருக்கின்றன. அதனால்தான் விஓபி கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மாற்றாமல், கோப்புறை முழுவதையும் மென்பொருளிடம் கொடுக்க வேண்டும். இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பது ஹேண்ட்பிரேக். இலவசமானது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், விளம்பரமோ படத்தின் மேல் முத்திரையோ வராது.

எம்பி4 ஆக மாற்றிய பிறகும் ஐபாட் மறுத்ததற்குக் காரணம் வேறு. எம்பி4 என்பது வெறும் உறை. உள்ளே படம் எந்த முறையில், எவ்வளவு சிக்கலாகச் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கருவிக்கு முக்கியம். ஐபாட் கிளாசிக் எச்.264 என்ற சுருக்க முறையை ஏற்கும், ஆனால் அதன் மிக எளிய வடிவமான பேஸ்லைன் புரொஃபைலை மட்டும், லெவல் 3.0 வரை, 640-க்கு 480 புள்ளிகளுக்கு (பிக்சல்) மிகாமல், நொடிக்கு 30 சட்டங்களுக்குள் (ஃபிரேம்), தகவல் வேகம் (பிட்ரேட்) நொடிக்கு 2.5 மெகாபிட்டுக்குள் இருந்தால் மட்டுமே ஏற்கும். இன்றைய மென்பொருள்கள் கேட்காமலேயே மெயின் அல்லது ஹை புரொஃபைலில் மாற்றுகின்றன; கணினியும் கைப்பேசியும் அதை எளிதாக ஓட்டிவிடும், ஐபாடின் பழைய சில்லால் முடியாது. எனவே ஹேண்ட்பிரேக்கின் வீடியோ பகுதியில் எச்.264 என்பதையும், புரொஃபைலில் பேஸ்லைன் என்பதையும், லெவலில் 3.0 என்பதையும் தேர்ந்தெடுங்கள். தரத்தை எண்ணால் குறிக்கும் முறையை விட்டுவிட்டு, சராசரி வேகம் 1500 கிலோபிட் என்று கொடுத்து, பல சுற்று மாற்றத்தையும் (மல்டி-பாஸ்) இயக்குங்கள். இரட்டிப்பு நேரம் பிடித்தாலும், ஆரத்தி, பூமழை போன்ற அசைவு மிகுந்த காட்சிகளுக்கு அதிகமும், வரவேற்பு வரிசை போன்ற அசைவு குறைந்த காட்சிகளுக்குக் குறைவுமாக இடத்தை அது பங்கிட்டுக் கொடுக்கும். ஐபாட் 5ஜி ஆதரவு (5ஜி என்பது இங்கே ஐந்தாம் தலைமுறை ஐபாட்) என்ற தேர்வு உங்கள் பதிப்பில் இருந்தால் அதையும் குறியிடுங்கள்.

முகங்கள் நீண்டு தெரிவது படப்புள்ளிகளின் வடிவத்தால் வருவது. நம் நாட்டு டிவிடிகளில் பயன்படும் பால் (PAL) என்ற டிவி முறையில் படம் பொதுவாக 720-க்கு 576 புள்ளிகளாகப் பதிவாகிறது. பழைய டிவியின் 4:3 சட்டமானாலும், அகலத் திரையின் 16:9 சட்டமானாலும் இதே எண்ணிக்கைதான். புள்ளிகளை எவ்வளவு அகலமாக விரித்துக் காட்ட வேண்டும் என்ற குறிப்பைப் பார்த்து பிளேயர் சரிசெய்துகொள்ளும். உங்கள் மென்பொருள் அந்தக் குறிப்பைக் கவனிக்காமல் எண்ணிக்கையை அப்படியே சதுரப் புள்ளிகளாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆள்கள் ஒடுங்கித் தெரிவதால் உங்களுடையது 16:9 படமாகத்தான் இருக்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கின் அளவுகள் பகுதியில் அனமார்ஃபிக் (சதுரமல்லாத புள்ளிகளை அப்படியே விட்டுவைக்கும் வசதி) என்பதை நிறுத்திவிட்டு, அகலத்தை 640 என்று கொடுத்தால், உயரம் 360 அளவில் வந்து நிற்கும். மூன்றில் ஏதேனும் ஒரு வட்டு 4:3 ஆக இருந்தால் அதற்கு 480 வரும். ஐபாடின் திரை 320-க்கு 240 தானே, அந்த அளவே போதாதா என்று கேட்கலாம். போதும்தான், ஆனால் உரிய கேபிள் இருந்தால் ஐபாடை டிவியிலும் இணைக்க முடியும், மாமியார் பெரிய திரையில் பார்க்க விரும்பினால் 640 அகலம் கைகொடுக்கும்.

கோடுகள் விழுவதற்கான காரணம் ஸ்டுடியோவின் கேமராவில் இருக்கிறது. அந்தக் கால வீடியோ கேமராக்கள் நொடிக்கு 25 முழுப் படங்களை எடுப்பதற்குப் பதிலாக 50 அரைப் படங்களை எடுத்தன. ஒரு முறை ஒற்றைப்படை வரிகள், அடுத்த முறை இரட்டைப்படை வரிகள். இதுதான் பிணைந்த படம் (இன்டர்லேஸ்). பழைய பிக்சர் டியூப் டிவியில் அது வழுக்கிக்கொண்டு ஓடும். இன்றைய திரைகளில் இரண்டு அரைப் படங்களும் ஒரே சட்டத்தில் சேர்ந்து தெரிவதால், இடையில் நகர்ந்த கையின் ஓரம் கலைந்துபோகிறது. ஃபில்டர்கள் பகுதியில் டிஇன்டர்லேஸ் என்பதில் யாடிஃப் முறையைத் தேர்ந்தெடுங்கள். பிணைந்த படமா என்று கண்டறியும் வசதியை நிறுத்தி வைப்பது நல்லது. திருமண வீடியோவில் பெரும்பாலும் தொடக்கம் முதல் முடிவு வரை இப்படித்தான் இருக்கும், மென்பொருள் சில சட்டங்களைத் தவறவிடும் வாய்ப்பைத் தர வேண்டியதில்லை. இந்த வடிகட்டி அழகுக்காக மட்டும் அன்று: பேஸ்லைன் புரொஃபைலில் பிணைந்த படத்தைச் சேமிக்கவே வழியில்லை. 50 சட்டங்களாக விரிக்கும் பாப் என்ற தேர்வையும் தொட வேண்டாம், ஐபாடின் எல்லையை அது மீறிவிடும்.

ஒலிக்கு ஏஏசி, ஸ்டீரியோ, 160 கிலோபிட், 48 கிலோஹெர்ட்ஸ். இந்த அமைப்பில் ஒரு மணி நேர வீடியோ ஏறத்தாழ 750 எம்பிக்குள் அடங்கும்.

எல்லாம் அமைத்தபின் மூன்று வட்டுகளையும் வரிசையில் போட்டுவிட்டு உறங்கப் போக வேண்டாம். ரேஞ்ச் என்ற இடத்தில் நொடிக் கணக்கைத் தேர்ந்தெடுத்து, அசைவு நிறைந்த ஒரு நிமிடத்தை மட்டும் முதலில் மாற்றுங்கள். கெட்டிமேளம் ஒலிக்க அட்சதை தூவும் நேரம் அதற்குப் பொருத்தமானது. அந்தச் சிறு கோப்பை ஐபாடில் ஏற்றி, முகம் இயல்பாக இருக்கிறதா, கோடு மறைந்ததா, நாதஸ்வரத்தின் உச்சத்தில் ஒலி கரகரக்கிறதா என்று பார்த்த பிறகு முழு வேலையைத் தொடங்கினால், பல மணி நேரம் வீணாகாது.

கடையில் வாங்கிய திரைப்பட டிவிடிகளையும் இதே வழியில் மாற்றலாமா என்று அடுத்து கேட்கத் தோன்றும். அவற்றில் பலவற்றுக்கு நகல் தடுப்புப் பூட்டு உண்டு. ஹேண்ட்பிரேக் அந்தப் பூட்டைத் திறக்காது. உரிமையை மீறும் நோக்கத்தோடு அத்தகைய பூட்டை உடைப்பதை, 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. ஆகவே அந்த வழிகளை நான் இங்கே விளக்கவில்லை. ஸ்டுடியோ எழுதிக் கொடுத்த வட்டில் பொதுவாக இந்தப் பூட்டு இருக்காது.

மாற்றி முடித்த கோப்புகளை ஐடியூன்ஸில் சேர்க்கும்போது, அவை ஹோம் வீடியோஸ் என்ற பிரிவில் போய் அமரும். திரைப்படங்கள் பகுதியில் தேடிவிட்டுக் காணவில்லை என்று நினைக்க வேண்டாம். ஐபாடை இணைத்து அந்தப் பிரிவையும் ஒத்திசைவில் சேர்த்துவிடுங்கள். முதலில் எடுத்த வீடியோ_டிஎஸ் நகல்களை அழிக்காமல் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள். ஐபாடுக்காக நாம் செய்தது அளவில் சுருங்கிய பதிப்பு. நாளை வேறு கருவியில் பார்க்க வேண்டியிருந்தால், அந்த முழு நகலிலிருந்தே மறுபடி மாற்ற வேண்டும்.