தேவகோட்டை வீட்டில் தனியே வாழும் தாயார்: எந்தப் பணத்தை எடுப்பது?

கேள்வி: எங்கள் ஆத்தாவுக்கு 76 வயது. தேவகோட்டையில் பூர்வீக வீட்டில் தனியே இருக்கிறார்கள். சென்னைக்கு வர மறுக்கிறார்கள். சென்ற மாதம் இரவில் கழிப்பறைக்குப் போகும்போது வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டுப் படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. லிஃப்ட், புதுக் குளியலறை, தரை மாற்றம் எல்லாவற்றுக்கும் ஒப்பந்தக்காரர் 9 லட்சம் கேட்கிறார். ஆத்தாவின் பெயரில், 2023 மே மாதம் அஞ்சலகத்தில் தொடங்கிய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டக் கணக்கில் 15 லட்சமும், வங்கி வைப்பில் 4 லட்சமும் உள்ளன. அஞ்சலகக் கணக்கை முடிக்கலாமா, வீட்டின் பேரில் கடன் வாங்கலாமா?

பதில்: அஞ்சலகக் கணக்கைத் தொட வேண்டாம். அதில் தேவையான அளவு மட்டும் எடுக்க வழியில்லை. முடித்தால் முழுவதையும் முடிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டதால் அசலில் 1 சதவீதம், அதாவது 15,000 ரூபாய், பிடித்தம் போகும். அதைவிடப் பெரிய இழப்பு, 8.2 சதவீத வட்டியாகக் காலாண்டுதோறும் தாயாரின் கைக்கு வரும் 30,750 ரூபாய் நின்றுபோவதுதான். நாளை துணைக்கு ஓர் ஆள் வைத்தால் சம்பளம் கொடுக்க உதவப்போவது அந்தப் பணமே.

வீட்டின் பேரில் கடன் என்று தாங்கள் குறிப்பிடுவது முதியோருக்கான ரிவர்ஸ் மார்ட்கேஜ் (வீட்டை வங்கியில் அடகு வைத்து, அதிலேயே வாழ்ந்துகொண்டு பணம் பெறும் கடன்) என்றால், 60 வயது கடந்தவர் தாமே சம்பாதித்து வாங்கி, தாமே குடியிருக்கும், வில்லங்கமற்ற வீட்டுக்குத்தான் அது கிடைக்கும். பங்காளிகளுக்குள் பிரியாத பூர்வீக வீட்டுக்கு அந்தக் கதவு திறக்காது.

இனி அந்த 9 லட்சத்தைப் பார்ப்போம். செட்டிநாட்டு வீட்டில் அன்றாட வாழ்க்கை முழுவதும் கீழ்த்தளத்தில்தான் நடக்கிறது. மாடிக்கே போகாதவருக்கு லிஃப்ட் எதற்கு? தாயார் விழுந்தது வளவிலிருந்து, அதாவது நடு முற்றப் பகுதியிலிருந்து, பின்கட்டுக்குப் போகும் வழியில், இரவில், அநேகமாக விளக்கின் ஸ்விட்ச் எட்டாத தொலைவில் இருந்த நேரத்தில். ஆகவே முதல் செலவு படுக்கைக்கும் கழிப்பறைக்கும் இடைப்பட்ட அந்தச் சில அடிகளுக்கே உரியது. வளவை ஒட்டிய ஓர் அறையிலேயே மேற்கத்தியக் கழிப்பறையுடன் சொரசொரப்பான தரை கொண்ட சிறு குளியலறை அமைத்துவிட்டால், இரவில் நிலைப்படிகளைத் தாண்ட வேண்டிய தேவையே இராது. கதவு 3 அடி அகலம் இருக்கட்டும். பின்னாளில் சக்கர நாற்காலி வந்தாலும் இடிக்க வேண்டியிராது. ஆள் நடமாட்டம் உணர்ந்து எரியும் விளக்குகளை இன்வெர்ட்டர் இணைப்புடன் தரையோரம் பொருத்துங்கள்.

ஆத்தங்குடிக் கற்களைப் பெயர்க்கச் சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் தயங்காமல் மறுத்துவிடுங்கள். ஈரம் பட்டால் வழுக்கும் என்பது உண்மைதான். அதற்கு நடைபாதையில் ரப்பர் அடிப்பாகமுள்ள விரிப்பு போதும். சரிவுப் பாதைக்கும் அவசரம் வேண்டாம். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் தேவை என்பதால், முகப்புப் படிகளுக்கு இரு பக்கமும் கைப்பிடிக் கம்பி வைப்பதே இப்போதைக்குப் பொருத்தம். கழிப்பறைக் கைப்பிடி விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது: பழைய சுண்ணாம்புச் சுவரில் சாதாரணத் திருகாணி நாளடைவில் இளகிவிடும், துண்டு போடும் கம்பியோ உடல் எடையைத் தாங்காது. தரையில் ஊன்றிய எஃகுக் கம்பியே நம்பகமானது.

இவை 2 லட்சத்துக்குள் அடங்க வேண்டும் என்பது என் கணிப்பு. தங்களால் முடிந்தால் தாங்களே கொடுங்கள். பிள்ளை தரும் பணத்துக்குத் தாயார் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. முடியாவிட்டால் வங்கி வைப்பில் பாதியை எடுத்து, மீதியை மருத்துவ அவசரத்துக்கு விட்டுவையுங்கள். அந்த வைப்பு ஒரே ரசீதாக இருந்தால், முன்கூட்டி முடிப்பதற்கான பிடித்தத்தையும் அதன் மேல் கடன் வாங்கினால் ஆகும் வட்டியையும் ஒப்பிட்டுக் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். அஞ்சலகக் கணக்கு 2028 மே மாதம் முதிரும்போது மூன்று ஆண்டுகள் நீட்டிக்கலாம்.

சுவரில் கை வைக்கும் முன் பங்காளிகளிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்கி, செலவு யாருடையது என்பதையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள்.