சமூக அநீதியைக் கலை எப்படிக் காட்டுகிறது, எப்படி மாற்றுகிறது?

ஒரு சமூகம் யாரை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறது என்பது அதன் கலையிலும் பதிந்திருக்கும். கலை அநீதியைப் பிரதிபலிக்கிறது என்று சொல்வது இதைத்தான்.

பறையை எடுத்துக்கொள்வோம். வட்டமான மரச்சட்டத்தில் இழுத்து ஒட்டிய மாட்டுத்தோல். அடிக்கும் முன் வைக்கோலைக் கொளுத்திச் சூடு காட்டுவார்கள். தோல் இறுக இறுக ஒலி கணீரென்று தெறிக்கும். திணைக்கொரு பறை உண்டு என்கிறது தொல்காப்பியம். அப்பேர்ப்பட்ட கருவியைப் பின்னாளில் சாவு வீட்டோடு முடக்கி, அடிப்பதை ஒரு சாதியின் கட்டாய ஊழியமாக்கினார்கள். "இனி சாவுக்கு அடிக்க மாட்டோம்" என்று பல ஊர்களில் தலித் மக்கள் மறுத்தது அதனால்தான். அப்புறம் அதே பறை போராட்ட மேடைக்கும் கல்லூரி விழாவுக்கும் வந்தது. பெண்களும் கையில் எடுத்தார்கள்.

சரி, இது மனதை எப்படி மாற்றும்? பேச்சைக் கேட்டால் எதிர்வாதம் செய்யத் தோன்றும். தாளம் கேட்டால் கால் முதலில் ஆடிவிடும், சாதி நினைப்பு பிறகுதான் வரும். பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனையை மதில் கட்டித் தடுக்க முடியுமா?

மேடைப் பறைக்குக் கைதட்டுவதால் சாதி போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இழவு வீட்டில் அடிக்கும் கலைஞரைத் தெருவிலேயே நிறுத்தும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன.