ஜெயலலிதாவின் நான்கு வேட்புமனுக்கள்: தேர்தல் சட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: 2001 தேர்தலில் ஜெயலலிதா நான்கு தொகுதிகளில் மனு போட்டார், நான்கும் தள்ளுபடியாயின. எல்லாவற்றுக்கும் டான்சி வழக்குதான் காரணமா? (வாசகி, தேனி)

பதில்: டான்சி வழக்கு (அரசின் சிறுதொழில் நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கியது தொடர்பான ஊழல் வழக்கு) பாதிதான். ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை ஆகிய நான்கிலும் மனு கொடுத்ததே தனிச் சிக்கல். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 33(7) பிரிவின்படி ஒரு பொதுத்தேர்தலில் ஒருவர் இரண்டு சட்டமன்றத் தொகுதிகளுக்கு மேல் நிற்க முடியாது. இந்த வரம்பு 1996-இல்தான் வந்தது. 1991-இல் அவர் பர்கூர், காங்கேயம் இரண்டிலும் வென்றபோது மூன்றாவதாக ஒன்று போட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்க முடியாது.

மற்றொரு காரணம் அதே சட்டத்தின் 8(3) பிரிவு. இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை பெற்றவர், தீர்ப்பு நாளிலிருந்தே தகுதி இழக்கிறார்; விடுதலையான பிறகும் ஆறு ஆண்டுகளுக்கு அது தொடரும். 2000 அக்டோபரில் டான்சி வழக்குகளில் அவருக்கு மூன்றாண்டு, இரண்டாண்டு எனத் தண்டனை விதிக்கப்பட்டது. சிறைத் தண்டனையை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. குற்றவாளி என்ற தீர்ப்பை நிறுத்திவைக்க மறுத்துவிட்டது. பலரும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஜாமீனில் வெளியே வரத் தண்டனை நிறுத்திவைப்பு போதும். வேட்புமனு நிற்க வேண்டுமானால் தீர்ப்புக்கே தடை வாங்க வேண்டும்.

கேள்வி: பிறகு எப்படி முதல்வரானார்? 2014-இல் மட்டும் ஏன் உடனே பதவி போனது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: உறுப்பினராக இல்லாதவரும் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்கிறது அரசியல் சாசனத்தின் 164(4). அதை நம்பி 2001 மே 14-இல் பதவியேற்பு நடந்தது. உறுப்பினராகும் தகுதியே இல்லாதவருக்கு இந்தச் சலுகை பொருந்தாது என்று செப்டம்பர் 21-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார். டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்த பிறகே, 2002 பிப்ரவரி ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் வென்று மார்ச்சில் திரும்பி வந்தார்.

பதவியில் இருக்கும் எம்.எல்.ஏ.வுக்கு முன்பு 8(4) என்றொரு குடை இருந்தது. மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்தால், அது முடியும்வரை தகுதியிழப்பு நடைமுறைக்கு வராது. 2000-இல் அவர் எம்.எல்.ஏ. அல்ல (1996-இல் பர்கூரில் தோற்றிருந்தார்), அதனால் அந்தக் குடைக்குக் கீழே வர முடியவில்லை. 2014 செப்டம்பர் 27-இல் சொத்துக் குவிப்பு வழக்கில் பெங்களூரு தனி நீதிமன்றம் தண்டித்தபோது அவர் ஸ்ரீரங்கம் எம்.எல்.ஏ. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையிலேயே 8(4)-ஐ உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியிருந்தது. தேவைப்பட்டபோதெல்லாம் அந்தப் பிரிவு அவருக்கு எட்டவில்லை! 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. மீண்டும் முதல்வராகி, ஜூனில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் வென்றார்.

கேள்வி: ஒன்றியக் கவுன்சிலராக இருக்கிறேன். சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நிற்க எண்ணம். மனு எங்கே அடிபடும்? (வாசகி, விழுப்புரம்)

பதில்: வழக்கு ஏதும் இல்லாதவர்களின் மனுக்கள் பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களில்தான் அடிபடுகின்றன. வயது 25 நிரம்பியிருக்க வேண்டும். உள்ளாட்சிக்கு 21 போதும் என்பதால் இதில் ஏமாறுகிறவர்கள் உண்டு. மாநிலத்தில் எந்தத் தொகுதி வாக்காளரும் எங்கும் நிற்கலாம். வேறு தொகுதி என்றால், வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் உள்ள பக்கத்தின் சான்றளித்த நகல் வேண்டும்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு முன்மொழிபவர் ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் நீங்கள் நிற்கும் தொகுதியின் வாக்காளர்களாகவே இருக்க வேண்டும். பாகம் எண், வரிசை எண் எல்லாவற்றையும் புதிய பட்டியலை வைத்துச் சரிபாருங்கள். கைநாட்டு வைப்பவர் யாராவது இருந்தால் தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னால்தான் வைக்க வேண்டும். வீட்டில் உருட்டிக் கொண்டுவந்தால் செல்லாது. ஒரே தொகுதிக்கு நான்கு மனுக்கள் வரை கொடுக்கலாம். வெவ்வேறு பத்துப் பேரைக் கொண்டு இரண்டாவது மனு ஒன்று போட்டுவைப்பது நல்லது. டெபாசிட் ஒன்றுக்குத்தான்: 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000.

படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமனே விடாதீர்கள். சொத்தோ வழக்கோ இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். காலியிடத்தைச் சுட்டிக்காட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம். அதைவிட அதிகம் மறக்கப்படுவது உறுதிமொழி ஏற்பு. மனு கொடுத்த பிறகு, பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் எடுத்தாக வேண்டும். மனு கொடுத்த கையோடு அங்கேயே எடுத்துவிடுங்கள்.

செலவுக்கெனத் தனி வங்கிக் கணக்கை மனு கொடுப்பதற்கு ஒரு நாளாவது முன்பே தொடங்குங்கள். உச்சவரம்பு 2022 முதல் தமிழகத்தில் 40 லட்சம் ரூபாய். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். தோற்றவர்களும் கொடுக்க வேண்டும். விட்டால் மூன்றாண்டு வரை தகுதி போகும். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் டெபாசிட் திரும்பும். அந்தக் கணக்கில் நோட்டா சேராது.

கேள்வி: தமிழகத்தின் முதல் பெண் முதல்வர் ஜெயலலிதா அல்லவா? (வாசகர், கோவை)

பதில்: இல்லை. வி.என். ஜானகி, 1988 ஜனவரி 7 முதல் 30 வரை.