பழைய சின்ன டிராக்டரில் டீசல் டேங்க்கை இடம் மாற்றலாமா, பெரிதாக வைக்கலாமா?

தாராளமாக மாற்றலாம். டேங்க் அரித்து ஒழுகுகிறது, அதே மாடல் டேங்க் எங்கும் கிடைக்கவில்லை, வேறு இடத்தில் கொஞ்சம் பெரிதாக வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வண்டிக்கும் இதே நிலைமைதான் வந்தது. டவுன் மெக்கானிக் ஒருவர் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்காமல், "எடைக்குப் போட்டுடுங்க சார்" என்றார். அப்பா வாங்கிய வண்டி அது, எஞ்சினில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. ஒரு தகரப் பெட்டி ஓட்டையானதற்கு வண்டியையே எடைக்குப் போடச் சொல்பவரிடம் என்ன பேசுவது!

உங்களுடையதும் தென்னந்தோப்பில் உழும் டீசல் வண்டி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் அந்தக் காலத்து வகை என்றால் இந்தப் பதிலை இங்கேயே விட்டுவிடுங்கள். பெட்ரோல் டேங்க்கை நகர்த்துவது வேறு விவகாரம். டீசல் தீப்பிடிக்காது என்ற தைரியமும் வேண்டாம். நம் நாட்டு டீசலுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச ஃப்ளாஷ் பாயின்ட், அதாவது ஆவி பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் சூடு, 35 டிகிரிதான். மே மாதம் ராமநாதபுரம் வெயிலில் பானெட்டுக்குள் கை வைத்துப் பார்த்தவருக்கு அந்த 35 எவ்வளவு சாதாரணம் என்று தெரியும். ஆகவே சைலன்சர் இருக்கும் பக்கம் டேங்க்கும் போகக் கூடாது, ஹோஸும் போகக் கூடாது.

எங்கள் தோப்பு கடலோரம், உச்சிப்புளிப் பக்கம். இங்கே டேங்க் வெளியிலிருந்துதான் அரிக்கும். டேங்க்கைப் பிடித்திருக்கும் பட்டைக்கு அடியில் கம்பளி மாதிரி ஒரு துணி வைத்திருப்பார்கள். உப்புக் காற்றின் ஈரத்தை அது குடித்துக்கொண்டு காயவே காயாது. பட்டையைக் கழற்றினால் அதன் அகலத்துக்குத் துரு வரிசை கட்டி நிற்கும். எங்களுடையதில் அந்த இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டதும் உள்ளே இறங்கிவிட்டது. பசை வைத்து ஒட்டுவது, பற்றவைப்பது எல்லாம் அந்தத் தகட்டில் வேலைக்கு ஆகாது. டீசல் ஆவி நிற்கும் டேங்க்கில் வெல்டிங் பொறி பட்டால் வெடிக்கும். அந்த விபரீதம் வேண்டாம்.

புது டேங்க்கைப் பாம்பனில் படகு வேலை செய்யும் பட்டறையில் செய்தேன். டிராக்டர் டேங்க்குக்குப் படகுப் பட்டறையா என்று சொந்தக்காரர்களே சிரித்தார்கள். உப்பு, அதிர்ச்சி, டீசல் மூன்றையும் தினமும் பார்க்கிற ஆட்கள் வேறு எங்கே இருக்கிறார்கள்? மேஸ்திரி அளவெடுக்கும் முன் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணே, வண்டியில ஃபீடு பம்ப் இருக்கா, இல்ல டேங்க்லேருந்து தானா எறங்குதா?"

அவர் கேட்டதில்தான் எல்லாம் இருக்கிறது. ஃபீடு பம்ப் இருந்தால் கொஞ்சம் கீழே இருக்கும் டேங்க்கிலிருந்தும் டீசலை இழுத்துக்கொள்ளும். எங்கள் வண்டியில் ஃபீடு பம்ப் கிடையாது, டீசல் தானாக இறங்க வேண்டும். அப்படியென்றால் டேங்க்கின் அடிமட்டம் ஃபில்டரையும், எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பையும்விட உயரத்தில் இருந்தே ஆக வேண்டும். முன் பம்பருக்கு மேல் வைத்தால் பின்னால் மாட்டும் ரோட்டவேட்டரை (மண் கிளறும் கருவி) தூக்கும்போது முன்பக்கம் எழும்பாமல் இருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. 20 லிட்டர் டீசல் ஏறக்குறைய 17 கிலோ, பாரத்துக்குப் பாரம் ஆயிற்று. ஆனால் அந்த உயரத்தில் டேங்க் பாதி காலியானதும் எஞ்சின் நின்றுவிடும் என்று மேஸ்திரி குச்சி வைத்து அளந்து காட்டிவிட்டார்.

கடைசியில் இடது மட்கார்டுக்கு மேல் முடிவானது. வலது பக்கம் லிஃப்ட் லீவர் இருக்கிறது, சைலன்சரும் அந்தப் பக்கம்தான். மட்கார்டுத் தகரத்தில் நேராக மாட்டாதீர்கள், அது தாங்காது. ஆக்ஸில் ஹவுசிங் போல்ட்டிலிருந்து ஆங்கிள் எடுத்து அதன்மேல் உட்கார வைக்க வேண்டும். 316 என்ற ரக ஸ்டெயின்லெஸ் தகடு, ஆர்கான் வெல்டிங், டீசல் அலையாமல் இருக்க உள்ளே ஒரு தடுப்பு, அடியில் தண்ணீர் வடிக்க ஒரு டிரெயின் போல்ட். சாதாரண 304 ரகம் போதாதா என்று கேட்பவர்கள் கடற்கரையிலிருந்து தள்ளி இருப்பவர்கள். இங்கே அதன்மேலும் பழுப்புக் கறை ஏறும். மேலே ஒரு செக்கர்டு பிளேட் மூடி போட்டிருக்கிறேன். தேங்காய் விழும் தோப்பு இல்லையா.

ஜிஐ தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) மட்டும் வேண்டாம். பக்கத்துத் தோப்புக்காரர் விலை குறைவு என்று அதில் செய்தார். அதிலுள்ள துத்தநாகம் டீசலோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு கசடு விடும். அவருக்கு முதலில் ஃபில்டர், அப்புறம் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் என்று வரிசையாகச் செலவு வந்தது.

பழையதை வைத்துக்கொண்டே இரண்டாவது டேங்க் சேர்ப்பதாக இருந்தால் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். அடியில் குழாய் போட்டு இணைத்தால், உயரத்தில் இருப்பது தாழ்வில் இருப்பதன் மூடி வழியே வழியும். வால்வு வைத்து மாற்றி மாற்றி எடுப்பதென்றால் நாசிலிலிருந்து மிச்ச டீசல் திரும்பி வரும் ரிட்டன் லைனையும் கூடவே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரு டேங்க்கில் எடுத்து இன்னொன்றை நிரப்பிக்கொண்டிருக்கும். இரண்டு மூடியிலும் காற்று போக ஓட்டை வேண்டும்.

சட்டம் பேச வருகிறவர்களுக்கு: வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு எனக்கும் தெரியும். எங்கள் வண்டி தோப்பை விட்டு வெளியே வருவதில்லை. நீங்கள் ரோட்டில் ஓட்டுவதாக இருந்தால் முதலில் ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டறைக்குப் போவதென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போகாதீர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் படகுகளையெல்லாம் கரையேற்றி வேலை பார்ப்பார்கள், உங்கள் டேங்க்கை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சனி, ஞாயிறும் வேண்டாம். பாம்பன் ரோட்டுப் பாலத்தின் நடுவில் காரை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு செல்ஃபி எடுக்கிறார்கள். 2025இல் புது ரயில் பாலம் திறந்த பிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது, கப்பலுக்கு வழிவிட அதன் தூக்குப் பகுதி மேலே ஏறுவதைப் பார்க்க வரிசையாக நிற்கிறார்கள். ரோட்டுப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் அதே வழியில்தான் வர வேண்டும். ஹாரன் அடித்தால் நம்மை முறைக்கிறார்கள். லோடு ஆட்டோவில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு திரும்பியபோது வெயிலில் அங்கேயே நின்றேன். இதை யாரிடம் சொல்வது?

சரி, மாட்டியாயிற்று என்றால் உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். ஹோஸ் எங்கேயும் மேலே வளைந்து இறங்கக் கூடாது, அந்த வளைவில் காற்று நிற்கும். ஃபில்டர் மேல் இருக்கும் ஏர் போல்ட்டைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் சீராக வரும்வரை விட்டு, பிறகு இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பிலும் அதையே செய்யுங்கள். ஹோஸ் டீசலுக்கென்று விற்கும் ரப்பர் ஹோஸாக இருக்கட்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் டியூப் சில மாதத்தில் விறைத்து வெடித்துவிடும்.