டவரைப் பார்த்து வந்தும் படகு பாரில் ஏறுவது ஏன்?

கேள்வி: கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்தில் சில வருடம் கேடியாக (ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமப்பவராக) வேலை பார்த்தேன். கொடி மேட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தால், தூரத்தில் தெரியும் மரத்தையோ வீட்டுக் கூரையையோ குறிவைத்து அடிக்கச் சொல்வோம். பந்து சரியாகப் போய் விழும். இப்போது தங்கச்சிமடத்தில் அப்பாவின் ஃபைபர் படகை ஓட்டுகிறேன். அதே பழக்கத்தில் ராமேஸ்வரம் டிவி டவரை அணியத்துக்கு (படகின் முன்முனைக்கு) நேராக வைத்துக்கொண்டு கரைக்கு வருகிறேன். வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கியதிலிருந்து படகு மேற்கே ஒதுங்கிப் பவளப்பாரில் இடிக்கிறது. புரொப்பல்லர் இரண்டு முறை போய்விட்டது. ஒரு படகு புரோக்கர், 'எஞ்சினை மாட்டும் பின்பலகை கோணல், எஞ்சின் நேராக உட்காரவில்லை. இதைத் தள்ளிவிட்டு வேறு படகு வாங்கு, இல்லையென்றால் பாயின்ட் (இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) ஏற்றிய ஜிபிஎஸ் கருவி தருகிறேன்' என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, முதலில் அந்தப் புரோக்கருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் படகில் கோளாறு இருப்பதாக நீங்கள் எழுதியதிலிருந்து தெரியவில்லை. எஞ்சின் கோணலாக உட்கார்ந்திருந்தால் படகு ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும். நீங்கள் கைப்பிடியை எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டே வர வேண்டியிருக்கும், கை வலிக்கும். ஆனால் அணியத்தை டவருக்கு நேராகப் பிடித்துவிட்டீர்கள் என்றால் அந்தக் கோணல் அங்கேயே சரிக்கட்டப்பட்டுவிடுகிறது. முழுப் படகும் பக்கவாட்டில் மேற்கே தள்ளப்படுவதற்கு எஞ்சின் காரணமில்லை. வாடைக் காற்றும் அதோடு ஓடும் நீரோட்டமும்தான் காரணம்.

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே நாளில், ஒரே வேகத்தில், ஒரே கோட்டில் வெளியே போய்த் திரும்பி வாருங்கள். போகும்போதும் மேற்கே ஒதுங்கி, வரும்போதும் மேற்கேயே ஒதுங்கினால் அது கடலின் வேலை. போகும்போது உங்கள் இடது கைப்பக்கம், வரும்போதும் இடது கைப்பக்கம், அதாவது ஒருமுறை மேற்கு மறுமுறை கிழக்கு என்று இழுத்தால் மட்டும் படகைக் கரையேற்றிப் பின்பலகையைப் பாருங்கள். இதற்கு ஆகும் செலவு கொஞ்சம் எண்ணெய். பின்பலகை கோணல் என்று சொல்லியே நல்ல படகுகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி, பெயின்ட் அடித்து அடுத்த ஊரில் விற்கிற ஆட்கள் இந்தக் கரையில் உண்டு. படகைத் தண்ணீரில் ஓட்டிப் பார்க்காமல் கரையில் நின்றபடியே கோணல் கண்டுபிடிப்பவரை நம்பவே வேண்டாம்.

சரி, கோல்ஃபில் வேலை செய்தது இங்கே ஏன் வேலை செய்யவில்லை? அங்கே பந்து ஒரே அடியில் கிளம்பிவிடுகிறது, அடிப்பவர் நிற்கும் தரை அசையாது. அதனால் தூரத்தில் ஒரு குறி போதும் என்று தோன்றும். கடலில் நீங்கள் நிற்கும் தரையே நகர்கிறது. டவரை அணியத்துக்கு நேராக வைத்திருக்கும்போதே தண்ணீர் உங்களை மேற்கே கொண்டுபோகிறது. அப்போது டவர் கொஞ்சம் கிழக்கே போனதாகத் தெரியும், நீங்களும் அணியத்தைக் கிழக்கே திருப்புவீர்கள். மறுபடியும் நேராக வந்துவிட்டதாகத் தோன்றும். இப்படியே வந்தால் உங்கள் பாதை நேர்கோடாக இருக்காது, மேற்கே வளைந்த வில்லாக இருக்கும். டவர் எப்போதும் கண்ணுக்கு நேரே இருந்ததால், வளைந்து வந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பாக் விரிகுடாப் பக்கத்தில் பவளப்பார் கரைக்கு இணையாக, கரையிலிருந்து சுமார் 200 முதல் 600 மீட்டர் தள்ளிக் கிடக்கிறது. பாரின் நடுவே உள்ள இடைவெளிக்கு நேராக வர வேண்டிய படகு வில்லின் வயிற்றுப் பக்கமாக வந்தால் பாரில்தான் ஏறும்.

உண்மையில் நல்ல கோல்ஃப் ஆட்டக்காரர்களும் ஒற்றைக் குறியை நம்புவதில்லை. அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லஸ் தூரத்து இலக்கைப் பார்த்த பிறகு, அதே கோட்டில் பந்துக்குச் சற்று முன்னால் தரையில் கிடக்கும் ஏதாவது ஒரு சின்ன அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்குத் தக்கபடி காலை வைப்பார். நீங்களும் மைதானத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள். தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று. படகுக்கு நீங்கள் விட்டுவிட்டது அந்தக் கிட்டத்துக் குறியைத்தான்.

டவர் பின்குறியாக (தூரத்துக் குறியாக) இருக்கட்டும், அதைவிட நல்ல பின்குறி இந்தத் தீவில் கிடைக்காது. கிட்டத்துக் குறியான முன்குறியைக் கண்டுபிடிப்பது இப்படி: காற்றில்லாத ஒரு காலையில், வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, பாரில் உங்கள் படகு போக வேண்டிய இடைவெளியின் நடுவில் நங்கூரம் போட்டு நில்லுங்கள். தண்ணீர் தெளிந்திருந்தால் இரண்டு பக்கமும் பார் கறுப்பாகத் தெரியும், நடுவில் மணல் வெளுத்துத் தெரியும். அங்கிருந்து டவரைப் பாருங்கள். டவருக்கு நேர் கீழே கரையில் என்ன நிற்கிறது? ஒரு தண்ணீர்த் தொட்டி, தேவாலயச் சிலுவை, ஐஸ் கம்பெனிச் சுவர், எதுவாகவும் இருக்கலாம். அதுதான் உங்கள் முன்குறி. இனி அந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்வரை நீங்கள் இடைவெளிக்கு நேராகத்தான் இருக்கிறீர்கள்.

கோட்டிலிருந்து விலகினால் திருத்துவதற்கு ஒரே விதி: முன்குறி எந்தத் திசையில் விலகித் தெரிகிறதோ அந்தத் திசைக்குப் போங்கள். டவருக்குக் கிழக்கே தொட்டி தெரிந்தால் நீங்கள் மேற்கே ஒதுங்கியிருக்கிறீர்கள், கிழக்கே போக வேண்டும். இடது வலது என்று மனதில் வைக்காதீர்கள். வெளியே போகும்போது திரும்பிப் பார்த்து ஓட்டுவோம், அப்போது இடதும் வலதும் மாறிப்போய்க் குழப்பும். கிழக்கு மேற்கு என்று வைத்துக்கொண்டால் போகும்போதும் வரும்போதும் விதி ஒன்றுதான்.

இன்னொன்று. கோட்டில் சரியாக வரும்போது உங்கள் அணியம் டவரைப் பார்க்காது. வாடை நேரத்தில் அது டவருக்குக் கிழக்கே எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும், படகு நண்டு மாதிரி சாய்ந்தபடி வரும். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இது பயத்தைக் கொடுக்கும், உடனே அணியத்தை டவருக்கு நேராகத் திருப்பிவிடுவார்கள். திருப்ப வேண்டாம். குறிகள் இரண்டும் ஒட்டி நிற்கின்றனவா என்பதை மட்டும் பாருங்கள். காற்று சோழகமாக (தென்காற்றாக) மாறியதும் சாய்வு மறுபக்கம் வரும், குறிகள் அதேதான்.

முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே நல்ல தூரம் இருக்க வேண்டும். உங்களுக்கும் முன்குறிக்கும் உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் நல்லது. அடுத்தடுத்த இரண்டு வீடுகளை வைத்துக்கொண்டால் படகு நூறு மீட்டர் விலகினாலும் கண்ணுக்குத் தெரியாது. செல்போன் டவரை முன்குறியாக வைக்காதீர்கள், போன வருடம் ஒன்று இருந்த இடத்தில் இந்த வருடம் மூன்று நிற்கும். சவுக்குத் தோப்பும் வேண்டாம், வெட்டிவிடுவார்கள். பாம்பன் பாலத்தைக் குறியாகப் பழகிய பெரியவர்கள் சொல்வதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் தூக்குக் கோபுரங்கள் வந்த பிறகு தூரத்திலிருந்து தெரியும் உருவமே மாறிவிட்டது. தீவுகள்கூட நிரந்தரம் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள் போய்விட்டன. இரவில் இந்த வேலையே வேண்டாம், விடியும்வரை வெளியே நில்லுங்கள்.

இதில் ஒரு விஷயத்தைத் தனியாக, அழுத்தமாகச் சொல்ல வேண்டும். குறிகள் இரண்டும் நேராக இருப்பது நீங்கள் எந்தக் கோட்டில் இருக்கிறீர்கள் என்பதைச் சொல்லும். அந்தக் கோட்டில் கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்பதைச் சொல்லாது. பாருக்கு இது போதும், இலங்கையுடனான கடல் எல்லைக்குப் போதாது. ராமேஸ்வரம் டிவி டவரின் உயரம் 323 மீட்டர். வானம் தெளிந்திருந்தால் 60 கிலோமீட்டர் தூரத்திலும் அதன் உச்சி தெரிய வழியுண்டு. கச்சத்தீவு அதற்கும் குறைந்த தூரத்தில்தான் இருக்கிறது. 1974 ஒப்பந்தத்தில் வகுத்த எல்லைக்கோடு கச்சத்தீவுக்கும் மேற்கே, அதாவது நம் பக்கமாக ஓடுகிறது. அப்படியானால் எல்லையைத் தாண்டிப் போன பிறகும் நம் டவர் நம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருக்கும். 'டவர் தெரிகிறது, நம்ம கடலில்தான் இருக்கிறோம்' என்று நினைத்தவர் பிடிபட்டால் படகும் போகும், மாதக்கணக்கில் சிறையும் உண்டு. வெளியே போகும் நாட்களில் எல்லைக்கு ஜிபிஎஸ்தான் வேண்டும், அதில் சமாதானமே கிடையாது. மத்திய மீன்வளத் திட்டத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழியாகப் படகின் இடத்தைத் தெரிவிக்கும் கருவி) இலவசமாகவே தருகிறார்கள், எல்லையை நெருங்கினால் அது எச்சரிக்கும். மீன்வளத் துறை அலுவலகத்தில் நீங்களே நேரில் போய் மனுக் கொடுங்கள். இலவசக் கருவிக்கு 'ஃபைல் நகர்த்த' என்று நடுவில் ஒருவர் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அந்தப் புரோக்கர் தருவதாகச் சொன்ன 'பாயின்ட் ஏற்றிய' கருவி வேறு சமாசாரம். அதில் இருப்பது யாரோ ஒருவர் எப்போதோ குறித்து வைத்ததை அடுத்தவர் பார்த்துப் பார்த்து எழுதிய எண்கள். இதில் எல்லோரும் விழுகிற ஒரு குழி இருக்கிறது. 9 டிகிரி 17.50 மினிட் என்றால் பதினேழரை மினிட். இதையே 17 மினிட் 50 செகண்ட் என்று கருவியில் ஏற்றிவிட்டால் 20 செகண்ட் வித்தியாசம் வரும். தரையில் அது 600 மீட்டருக்கு மேல். உங்கள் பார் கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று மேலே சொன்னேன். இடைவெளி என்று நம்பி நேராகப் பாரின் மேலேயே போவீர்கள். கருவி வாங்குவதென்றால் காலியான கருவி வாங்குங்கள், பில்லோடு. பாயின்டை நீங்களே, நங்கூரம் போட்டு நின்ற அந்த இடத்தில் அழுத்தி ஏற்றிக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். பெரிய துறைமுகங்களில் கப்பல் நுழையும் வழிக்கு நேராக முன்னால் குட்டையாக ஒன்று, பின்னால் உயரமாக ஒன்று என்று இரண்டு கம்பங்களை உலகம் முழுக்க நட்டு வைக்கிறார்கள். கப்பல் மாலுமிக்குக் கிடைக்கிற அந்த வசதி நம் படகுத் துறைகளில் படகு ஓட்டுகிறவனுக்கு ஏன் இல்லை? இரண்டு இரும்புக் கம்பம், இரண்டு பலகை, ஒரு டப்பா பெயின்ட். ஒரு புரொப்பல்லர் உடைகிற செலவுகூட ஆகாது. கடல் வரைபடத் திருத்த அறிவிப்புகளோ இன்னும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. புதிய கோபுரம் வந்தது, விளக்கு மாறியது என்றால் அதைத் தமிழில் மீன் இறங்குதளத்தில் ஒட்ட யாருக்கும் நேரமில்லை. கேட்டால் படிவம் கொடு, மனுக் கொடு என்கிறார்கள். இத்தனை வருடமாக இதையே சொல்கிறோம்.

கோல்ஃபில் ஆட்டக்காரர் தன் காலை நேராக வைக்க எதையாவது தரையில் கொண்டுவந்து வைத்தால் தண்டனை அடி விழும், ஏற்கெனவே இருப்பதைத்தான் பயன்படுத்த வேண்டும். கடலில் அந்தத் தடை இல்லை. டவருக்குக் கீழே தோதான முன்குறி எதுவும் கிடைக்கவில்லை என்றால் ஊர்க் கூட்டத்தில் பேசி, மீன்வளத் துறையிடமும் சொல்லிவிட்டு, கரையில் ஒரு கம்பம் நட்டுவிடுங்கள். உச்சியில் மூன்றடிப் பலகை ஒன்றை அடித்து, பின்னால் தென்னை இருந்தால் வெள்ளையும் பின்னால் வெறும் மணல் இருந்தால் சிவப்பும் பூசுங்கள். நட்ட பிறகு மறுபடி இடைவெளியில் போய் நங்கூரம் போட்டு, பலகை டவருக்கு நேர் கீழே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கம்பத்துக்குக் கான்கிரீட் போடுங்கள்.